மரம், காவல், வருகையாளர்: கோயம்புத்தூர் வனக் கல்வி வரலாற்றில் திறந்தவெளிப் பொழுதுபோக்கு மேலாண்மையின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

வனவியலும் திறந்தவெளிப் பொழுதுபோக்கு மேலாண்மையும் இன்று உலகின் பல கல்லூரிகளில் ஒரே துறையின் கீழ்க் கற்பிக்கப்படுகின்றன. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்விரண்டும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியிலிருந்தே நெருங்கி வளர்ந்தன. அதே ஐரோப்பிய வனவியல் மரபிலிருந்து கிளைத்த சென்னை மாகாண வனக் கல்வியில், காட்டைக் காண வரும் பொதுமக்கள் நெடுங்காலம் கல்விப் பொருளாகவே கருதப்படவில்லை. இவ்வேறுபாட்டின் வரலாற்றுக் காரணங்களையும், அதன் விளைவுகள் இன்றைய தமிழகக் காடுகளில் வெளிப்படும் விதத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வனவியல், சென்னை வனக் கல்லூரி, பொழுதுபோக்கு மேலாண்மை, தாங்குதிறன், சூழல் சுற்றுலா, ஆற்றுப்படை.

1. முன்னுரை

ஒரு கல்லூரியின் பாடத்திட்டம் அக்கல்லூரியை நிறுவியவர்களின் தேவையைக் காட்டும் ஆவணமாகும். எதைக் கற்பிக்க வேண்டும் என்னும் முடிவுக்குள் எதைக் கற்பிக்க வேண்டியதில்லை என்னும் முடிவும் அடங்கியிருக்கிறது. வனக் கல்வியின் வரலாற்றை இந்த நோக்கில் அணுகும்போது ஒரு வினா முதன்மை பெறுகிறது. காட்டுக்குள் இருக்கும் மனிதரை அக்கல்வி யாராகக் கண்டது என்பதே அவ்வினா.

மனிதர் காட்டில் உழைப்பாளியாக, உரிமை கோருபவராக, அத்துமீறுபவராக, வருகையாளராகப் பல நிலைகளில் இருக்கிறார். இவற்றுள் எந்நிலையை வகுப்பறை ஏற்றது, எந்நிலையை விட்டது என்பதைப் பொறுத்தே பயிற்சி பெற்ற அலுவலரின் பார்வை அமைகிறது. வருகையாளரைக் குறித்த அறிவே திறந்தவெளிப் பொழுதுபோக்கு மேலாண்மை எனப்படும் துறையாகும். பாதை அமைத்தல், கூட்டத்தை நெறிப்படுத்தல், இடர் தவிர்த்தல், இயற்கையை விளக்கியுரைத்தல், வருகையால் நிலத்துக்கு நேரும் தேய்வை அளத்தல் ஆகியவை இதன் உட்கூறுகள். பெயரைக் கொண்டு இதனை உல்லாசம் சார்ந்த கல்வி என எண்ணுதல் தவறு. மனித உயிரும் காட்டின் நலனும் ஒருசேரச் சார்ந்திருக்கும் அறிவு இது.

2. கப்பல், தண்டவாளம், சட்டம்

தென்னிந்தியாவில் அரசு சார்ந்த வனவியல், மரத் தேவையிலிருந்து தொடங்கியது. மலபார் மாவட்ட ஆட்சியர் கனோலி 1840களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டத்தைத் தொடங்கினார். கப்பல் கட்டுவதற்கான தேக்கு குறைந்துவருகிறது என்னும் அச்சமே அதற்குத் தூண்டுதலாக அமைந்தது. அத்தோட்டத்தை மண்ணில் உருவாக்கிய பணியில் சாத்து மேனோனின் பங்கு பெரிது. 1856இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஹியூ கிளெக்ஹார்ன் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டில்தான் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட்டது. தண்டவாளத்துக்கு அடியில் இடும் கட்டைகளுக்கும் எஞ்சினுக்கான விறகுக்கும் காடே ஆதாரமாயிற்று. கப்பலையும் ரயிலையும் மனத்தில் கொண்டே காடு அளக்கப்பட்டது.

1864இல் இந்திய வனத்துறை உருவாகி, ஜெர்மானியத் தாவரவியலாளர் டீட்ரிச் பிராண்டிஸ் அதன் முதல் தலைமை ஆய்வாளரானார். காட்டைக் கணக்கிட்டு, ஆண்டுதோறும் வெட்டத்தகும் அளவை வரையறுத்து, வெட்டிய இடத்தை மீண்டும் வளர்த்தெடுக்கும் ஜெர்மானிய முறை அவர் வழியே இந்தியாவில் வேர்கொண்டது.

இம்முறை நிலைபெறச் சட்டம் தேவைப்பட்டது. 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் சென்னை மாகாணத்துக்குப் பொருந்தவில்லை. மேய்ச்சல், விறகு, தழை எடுத்தல் ஆகியவற்றில் ஊரார்க்கு இருந்த வழக்குரிமைகள் குறித்துச் சென்னை நிருவாகத்திற்குள்ளேயே கருத்து வேறுபாடு நிலவியது. பிராண்டிஸ் சென்னைக்கு வந்து பணியாற்றிய காலத்தில்தான் 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி உருவான காப்புக்காடு என்னும் வகைப்பாடு காட்டுக்குள் நுழைவதையே அனுமதிக்கு உரிய செயலாக்கியது. அனுமதியின்றி நுழைபவர் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுபவர். வனக் கல்வி தொடங்குவதற்கு முன்பே காட்டு மனிதரைப் பற்றிய இவ்வரையறை உருவாகிவிட்டது.

3. கோயம்புத்தூர் வகுப்பறை

வனத்துறையின் உயர் அலுவலர்கள் முதலில் பிரான்சின் நான்சி நகரிலும் ஜெர்மனியிலும் பயின்றனர். 1885 முதல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலும், 1905இல் அப்பயிற்சி இடம்மாறிய பின் ஆக்ஸ்ஃபோர்டிலும் பயின்றனர். களத்தில் நிற்கும் வனச்சரகர்களுக்கெனத் டேராடூனில் 1878இல் பள்ளி தோன்றியது. தென்னகக் காடுகளின் மழை, மண், மரவகை ஆகியவை இமயத்து அடிவாரக் காடுகளினின்றும் பெரிதும் வேறுபட்டவை. தெற்குக்கெனத் தனிக் கல்லூரி வேண்டும் என்னும் தேவை 1912இல் கோயம்புத்தூரில் சென்னை வனக் கல்லூரியாக நிறைவேறியது. வனப் பாதுகாவலர் எஃப். ஏ. லாட்ஜ் இதன் தோற்றத்துடன் இணைத்துப் பேசப்படுபவர். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1902இல், வனப் பாதுகாவலர் காஸ் பெயரைத் தாங்கிய வன அருங்காட்சியகம் அந்நகரில் நிறுவப்பட்டிருந்தது.

கோயம்புத்தூர் தேர்வு செய்யப்பட்டதன் பொருத்தம் நிலப்படத்தைப் பார்த்தாலே விளங்கும். தெற்கே ஆனைமலை, வடமேற்கே நீலகிரி, வடக்கே சத்தியமங்கலம், மேற்கே பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் மலபார். முட்காட்டிலிருந்து சோலைக்காடு வரை தென்னகத்தின் காட்டு வகைகளில் பலவற்றை ஓரிரு நாள் பயணத்தில் மாணவர் கண்டுவிட முடியும்.

வனச்சரகர் பயிற்சியின் மரபான பாடங்கள் காடு வளர்ப்பியல், மர அளவியல், வனப் பயன்பாடு, தாவரவியல், நில அளவை, வனப் பொறியியல், வனப் பாதுகாப்பு, வனச் சட்டம், செயல்திட்டம் வகுத்தல் என்பன. அருங்காட்சியகத்தின் மரத் துண்டுகள் இப்பாடங்களுக்குத் துணை நின்றன. பொறியியல் பாடத்தில் பாதை உண்டு. அது மரவண்டியும் யானையும் செல்லும் பாதை. பாதுகாப்புப் பாடத்தில் மனிதர் உண்டு. அவர் தீ வைப்பவர், திருட்டு மேய்ச்சல் செய்பவர், மரம் கடத்துபவர். பயன்பாட்டுப் பாடத்திலும் மனிதர் உண்டு. அவர் மரம் வெட்டும் கூலி. காட்டைக் காண்பதற்காகவே வரும் மனிதருக்கு இவ்வரிசையில் தனித் தலைப்பு இல்லை.

4. வேட்டை என்னும் தனியுரிமை

அக்காலத்தில் காட்டில் பொழுதுபோக்கே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நீலகிரியில் 1877இல் வேட்டைக்காரர் சங்கம் ஒன்று அமைந்தது. அதன் தொடர்ச்சியாக 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எக்காலத்தில் வேட்டையாடலாம், எவ்விலங்கை விட்டுவிட வேண்டும் என்பவற்றை உரிமச் சீட்டின் வழி முறைப்படுத்தும் ஏற்பாடு அது. ஓடைகளில் வெளிநாட்டு மீனினம் வளர்க்கப்பட்டதும், மலைகளில் பங்களாக்கள் எழுந்ததும் இதே வாழ்முறையைச் சார்ந்தவை.

இப்பொழுதுபோக்குக்கு ஒரு மேலாண்மைக் கல்வி தேவைப்படவில்லை. காட்டுக்குள் மகிழ்வுக்காகச் சென்றவர்கள் எண்ணிக்கையில் சிலர். பெரும்பாலும் ஐரோப்பிய அலுவலர், தோட்ட உரிமையாளர், சிற்றரசர் என்னும் வட்டத்தினர். அவர்களுக்கு வழி காட்டியவர்கள் அவ்வக் காட்டின் பழங்குடியினர். அவர்தம் அறிவு கூலிக்குப் பெறப்பட்டது. கல்வியாகப் பதிவு பெறவில்லை. பொழுதுபோக்கு தனியுரிமையாக இருந்தவரை அது நிருவாகத்துக்குச் சிக்கலாகத் தோன்றவில்லை. அது பொது உரிமையாக மாறும்போதுதான் கூட்டமும் குப்பையும் தீயும் விபத்தும் வருகின்றன. அந்நிலையில்தான் அதைப் பற்றிய அறிவும் கல்வித்துறையாக வடிவெடுக்கும். இம்மாற்றம் முன்னதாக நிகழ்ந்த நாடு அமெரிக்கா.

5. பிராண்டிஸ் மரபின் மற்றொரு கிளை

அமெரிக்க வனக் கல்வியும் பிராண்டிஸிடமிருந்து ஒரு நூலைப் பற்றிச் செல்கிறது. இந்தியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று பான் நகரில் வாழ்ந்த அவரை 1889இல் கிஃபோர்ட் பின்ஷோ என்னும் அமெரிக்க இளைஞர் சந்தித்தார். அவருடைய அறிவுரைப்படி நான்சியில் பயின்றார். அமெரிக்க வனச் சேவைத் துறை 1905இல் அமைந்தபோது அதன் முதல் தலைவரானவர் இவரே. பிராண்டிஸின் மாணவர் சுற்றுலாக்களில் உடன் சென்ற கார்ல் ஷென்க், அவருடைய பரிந்துரையால் அமெரிக்கா சென்று 1898இல் வட கரோலினாவில் பில்ட்மோர் வனப் பள்ளியைத் தொடங்கினார். அதே ஆண்டில் கார்னெல் பல்கலைக்கழகத்திலும், 1900இல் பின்ஷோ குடும்பத்தின் நிதியுதவியால் யேல் பல்கலைக்கழகத்திலும் வனக் கல்வி தொடங்கியது.

தொடக்கத்தில் அங்கும் பாடம் மரமே. மாற்றத்தைக் கொணர்ந்தது மோட்டார் கார். நடுத்தர வகுப்பினர் கார் வாங்கத் தொடங்கியதும் அரசுக் காடுகளின் ஏரிக்கரைகள் கூடாரங்களால் நிறைந்தன. 1916இல் தேசியப் பூங்காச் சேவைத் துறை தனியே உருவானபோது, மகிழ்வுக்கு வரும் பொதுமக்களை ஈர்க்கும் போட்டித் துறை ஒன்று வனச் சேவைக்கு முன் நின்றது. வனச் சேவை 1918இல் நிலத்தோற்றக் கலைப் பேராசிரியர் ஃபிராங்க் வா என்பவரைக் கொண்டு காடுகளின் பொழுதுபோக்குப் பயன் குறித்த அறிக்கையை வெளியிட்டது. மறு ஆண்டு ஆர்தர் கார்ஹார்ட் என்னும் நிலத்தோற்ற வடிவமைப்பாளர் பணியில் அமர்த்தப்பட்டார். கொலராடோவின் டிராப்பர்ஸ் ஏரியைச் சுற்றிக் கோடை இல்லங்களுக்கு மனை அளந்து தருமாறு அனுப்பப்பட்ட அவர், அங்கு எதையும் கட்டாமல் விடுவதே சிறந்தது என்று பரிந்துரைத்தார். யேலில் பயின்ற ஆல்டோ லியோபோல்டின் முயற்சியால் 1924இல் நியூ மெக்சிகோவின் கீலா பகுதி சாலையற்ற வனமாக ஒதுக்கப்பட்டது. 1925இல் யோசெமிட்டியில் இயற்கையை விளக்கியுரைப்போருக்கான களப் பள்ளி திறக்கப்பட்டது.

1960ஆம் ஆண்டின் பல்பயன் சட்டம், தேசியக் காடுகளின் நோக்கங்களாகத் திறந்தவெளிப் பொழுதுபோக்கு, மேய்ச்சல், மரம், நீர்ப்பிடிப்பு, வனவிலங்கும் மீனும் ஆகியவற்றை நிரல்படுத்தியது. ஆங்கில அகரவரிசை அப்பட்டியலில் பொழுதுபோக்கை முதலிடத்தில் நிறுத்தியது. 1958இல் அமைக்கப்பட்ட திறந்தவெளிப் பொழுதுபோக்கு வள ஆய்வு ஆணையம் 1962இல் அறிக்கை அளித்தது. இதன் பின்னர் வனக் கல்லூரிகள் பலவற்றில் பொழுதுபோக்கு மேலாண்மை தனிப் பாடப்பிரிவாக வளர்ந்தது.

இவ்வளர்ச்சியை முழு வெற்றியாகக் கொள்ளவும் இயலாது. அமெரிக்கப் பூங்காக்கள் பல, அங்கு வாழ்ந்த தொல்குடியினர் அகற்றப்பட்ட நிலத்திலேயே உருவாயின. வருகையாளரைக் கண்ட அவ்வகுப்பறை, முன்பே அங்கு வாழ்ந்தவரைக் காணத் தவறியது.

6. தாங்குதிறன்: ஒரு கருத்தின் பயணம்

பொழுதுபோக்கு மேலாண்மை வெறும் விருந்தோம்பல் பயிற்சியாக நின்றுவிடாமல் அறிவுத்துறையாக வளர்ந்தமைக்குத் தாங்குதிறன் என்னும் கருத்து சான்றாகும். ஒரு மேய்ச்சல் நிலம் தன் புல்வளம் குன்றாமல் எத்தனை மாடுகளைத் தாங்கும் என்பதே இச்சொல்லின் பழைய பொருள். இது வருகையாளருக்கும் பொருத்தப்பட்டது. 1964இல் ஆலன் வாகர் வெளியிட்ட ஆய்வு, நிலத்தின் தன்மையைக் கொண்டு மட்டும் இவ்வெண்ணைக் கணக்கிட முடியாது என்று காட்டியது. தனிமையை நாடி வருபவருக்குப் பத்துப் பேர் கூட்டம். குடும்பத்தோடு உண்டு மகிழ வருபவருக்கு நூறு பேரும் தடையல்ல. 1985இல் உருவான மற்றொரு முறை வினாவையே மாற்றியது. எத்தனை பேர் வரலாம் என்று கேட்பதை விடுத்து, எவ்வளவு மாற்றத்தை நாம் ஏற்போம் என்று கேட்குமாறு அது அறிவுறுத்தியது. பாதையின் அகலம், வெளித்தெரியும் வேர்கள், ஓடைநீரின் தூய்மை போன்ற குறியீடுகளைத் தொடர்ந்து அளந்து, ஏற்ற எல்லையை நெருங்கும்போது நடவடிக்கை எடுப்பது இம்முறையின் சாரம்.

இந்தியாவில் இக்கருத்து நிருவாக விதியாக வலுவுடன் நுழைந்தது 2012இல். புலிகள் காப்பகச் சுற்றுலா குறித்த வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடைபெற்ற பின்னணியில், தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளை வெளியிட்டது. காப்பகத்தின் மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கலாகாது என்றும், ஒவ்வொரு காப்பகமும் தன் தாங்குதிறனைக் கணக்கிட வேண்டும் என்றும் அவை கூறின. இக்கணக்கு மூன்று படிகள் கொண்டது. இடமும் நேரமும் அனுமதிக்கும் உச்ச எண்ணிக்கை முதற்படி. மழை, சாலை அரிப்பு, விலங்குகளின் இனப்பெருக்கக் காலம் முதலியவற்றால் அதனைக் குறைப்பது இரண்டாம் படி. பணியாளரும் வசதியும் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு மேலும் குறைப்பது மூன்றாம் படி.

எடுத்துக்காட்டாக, 20 கிலோமீட்டர்ச் சாலையில் 500 மீட்டருக்கு ஒரு வண்டி எனக் கொண்டால் ஒரே நேரத்தில் 40 வண்டிகள் செல்லலாம் என்பது முதற்படியின் விடை. பின்னிரு படிகளும் அவ்வெண்ணை வெகுவாகச் சுருக்கும். எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதைச் சூத்திரம் தானே சொல்லாது. அந்தக் காட்டை நன்கறிந்து, வருகையாளரின் இயல்பையும் கற்ற ஒருவரே அதைத் தீர்மானிக்க முடியும். விதி கல்வியை வேண்டி நிற்கும் இடம் இதுவே.

7. பாடத்திட்டத்துக்கு முன்பே வந்துவிட்ட வருகையாளர்

தமிழகத்தில் வருகையாளர், கல்வி தமக்கெனத் தயாராகும்வரை காத்திருக்கவில்லை. முதுமலை 1940இல் வனவிலங்குப் புகலிடமாயிற்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆய்வு, ஒளிப்படம் ஆகியவற்றுடன் சுற்றுலாவையும் சரணாலயத்துள் நுழைய அனுமதி வழங்கத்தக்க காரணங்களுள் ஒன்றாக ஏற்றது. 1882இல் அத்துமீறல் என்னும் சொல்லால் குறிக்கப்பட்ட செயலின் ஒரு பகுதி, 90 ஆண்டுகளில் அனுமதிச் சீட்டுக்குரிய செயலாக மாறியது.

இம்மாற்றத்தை ஒரே இடத்தில் காண ஆனைமலையின் டாப்சிலிப் போதும். மலையுச்சியிலிருந்து மரத்தடிகளைச் சரிவில் நழுவவிட்ட இடம் என்பதாலேயே அதற்கு அப்பெயர் வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்குப் பணியாற்றிய வன அலுவலர் ஹியூகோ வுட், வெட்டித் தேய்ந்த தேக்குக் காட்டை மீட்டெடுத்தவராக நினைவுகூரப்படுகிறார். கைத்தடியால் மண்ணில் குழியிட்டு நடந்துகொண்டே விதை ஊன்றினார் என்னும் செவிவழிச் செய்தி இன்றும் வழங்குகிறது. 1933இல் மறைந்த அவரது கல்லறை அத்தேக்குகளின் நடுவே உள்ளது. மரத்துக்காக வளர்க்கப்பட்ட காட்டை இன்று காண வருபவர்கள் சுற்றுலாப் பயணிகள். மரம் இழுத்த யானைகளின் வழிவந்த முகாம் யானைகளே அவர்களுக்கு முதன்மைக் காட்சி.

கல்வி நிறுவனங்களும் இதற்கிடையே பெருகின. கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதலைக்குப் பின் தென்னக வனச்சரகர் கல்லூரியாகத் தொடர்ந்தது. 1980இல் மாநில வனப்பணிக் கல்லூரி அந்நகரில் தோன்றியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் 1990இல் மேட்டுப்பாளையத்தில் அமைந்தன. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, வருவாயைக் காட்டிலும் சூழல் சமநிலையே முதன்மை என்று அறிவித்தது. சூழல் சுற்றுலா என்னும் சொல் வனக் கல்வியில் இடம்பெறத் தொடங்கியது. ஆயினும் ஒரு சொல் பாடமாக இடம்பெறுவதும், அத்துறையின் பார்வை ஏனைய பாடங்களுக்குள் ஊடுருவுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டின் பொருளை உணர்த்திய நிகழ்வு 2018இல் தேனி மாவட்டத்தில் நேர்ந்தது.

8. குரங்கணி எழுப்பும் வினா

2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூர் அருகிலுள்ள குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளையோர், பெண்கள் பலர். அவ்வாண்டிலேயே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு வகுத்தது. வழித்தட வகைப்பாடு, அனுமதி, வழிகாட்டி, குழுவின் அளவு போன்றவை விதியின் வரம்புக்குள் வந்தன.

இத்துயரத்தின் பொறுப்பை வரையறுப்பது இக்கட்டுரையின் பணியன்று. கல்வி வரலாற்றின் நோக்கில் இங்குக் காணத்தக்கது வேறொன்று. காட்டுத்தீ வனவியலின் மிகப் பழைய பாடங்களுள் ஒன்று. தீப்பருவம் எப்போது தொடங்கும், காய்ந்த போதைப்புல் எவ்வாறு பற்றும், சரிவில் தீ கீழ்நோக்கிச் செல்வதைவிட மேல்நோக்கி ஏன் விரைந்து ஏறும், தீத்தடுப்புக் கோட்டை எங்கே வெட்ட வேண்டும் என்பவற்றை வனச்சரகர் பல தலைமுறைகளாகக் கற்றுவந்துள்ளனர். அப்பாடம் மரத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டது. அதே அறிவை நடப்பவரின் பக்கமிருந்து எழுதினால் அது வேறு பாடமாகிறது. மார்ச் மாதத்தில் புல்சரிவுத் தடத்தை மூடுவது, தடத்தின் எந்த இடத்தில் பாறைவெளி புகலிடமாகும் என்று குறித்து வைப்பது, புகை தெரிந்தால் பள்ளத்தாக்கின் தலைப்பகுதிக்கு ஏறலாகாது என்று புறப்படும்போதே சொல்வது, குழுவின் எண்ணிக்கையையும் திரும்பும் நேரத்தையும் பதிவு செய்வது ஆகியவை அப்பாடத்தின் தலைப்புகளாகும்.

அறிவு ஒன்றுதான், அது யாரை நோக்கி அமைக்கப்படுகிறது என்பதே வேறுபாடு. வனவியலும் பொழுதுபோக்கு மேலாண்மையும் ஒரே வகுப்பறையில் கற்பிக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. அனுமதி வழங்குவது நிருவாகம். அனுமதி பெற்றவர் உயிருடன் திரும்ப வழி செய்வது கல்வி.

9. வழிகாட்டியின் இடம்

வழிகாட்டுதலைக் கல்விக்குரிய அறிவாகக் கருதும் மரபு தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனை நாடிச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தும் 583 அடிகள் கொண்ட நூல். பெருங்கௌசிகனார் அதில் மலைவழியின் அழகை மட்டும் கூறவில்லை. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல், விலங்குகளுக்கு வைத்த பொறி, வழுக்கும் பாறை, பாம்பு உறையும் இடம் எனத் தடத்தின் இடர்களை ஒவ்வொன்றாக எச்சரிக்கிறார். மலைவாழ் மக்கள் தரும் உணவையும் அவரிடம் பழக வேண்டிய முறையையும் சொல்கிறார். வருகையாளரின் பாதுகாப்பு, இடத்தின் பொருள், அங்கு வாழும் மக்களின் முதன்மை ஆகிய மூன்றும் அந்நூலில் பிரிக்கப்படாமல் நிற்கின்றன. 1957இல் அமெரிக்கரான ஃப்ரீமன் டில்டன் எழுதிய மரபுச் செல்வ விளக்கவியல் நூல் அத்துறையின் அடிப்படை நூலாகப் போற்றப்படுகிறது. தமிழ் மாணவர் அதனுடன் மலைபடுகடாத்தையும் சேர்த்துப் பயில நியாயம் உண்டு.

இன்றைய களத்தில் இதற்கு ஒப்பான முயற்சிகள் உள்ளன. கோயம்புத்தூர் மாவட்டம் பில்லூர் அணை அருகே பரளிக்காட்டில், இருளர் மக்களைப் பங்குதாரராகக் கொண்டு வனத்துறை சூழல் சுற்றுலாவை நடத்திவருகிறது. பரிசல் ஓட்டுபவரும் உணவு சமைப்பவரும் தடம் காட்டுபவரும் அவ்வூரார். கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில், முன்பு வயணமரப் பட்டையைச் சட்டவிரோதமாக உரித்து வாழ்ந்தவர்கள் காட்டு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். 2024இல் தமிழக அரசு 40 மலையேற்றத் தடங்களை இணையப் பதிவு முறையில் திறந்தபோது, அப்பகுதி மக்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்தது.

இவை வரவேற்கத்தக்கவை. எனினும் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்துக்குப் பின், காட்டில் வாழ்பவரை வெறும் பணியாளராகக் காண்பது போதாது. அவர் அந்நிலத்தில் உரிமையுடையவர். தடம் எங்கே செல்லலாம், எந்தக் கோவில்காட்டைத் தவிர்க்க வேண்டும், வருவாயில் பங்கு யாருக்கு என்னும் முடிவுகளில் கிராம சபையின் குரல் இருக்க வேண்டும். வேட்டைக் காலத்தில் கூலிக்குப் பெறப்பட்ட அறிவு, சுற்றுலாக் காலத்திலும் கூலி அறிவாகவே தொடருமானால் நூறாண்டு மாற்றத்துக்குப் பொருளில்லை.

10. முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

சென்னை மாகாண வனக் கல்வி கப்பல், ரயில், வருவாய் ஆகிய தேவைகளிலிருந்து பிறந்தது. காட்டில் நுழையும் மனிதரை அத்துமீறுபவராக வரையறுத்த சட்டத்தின் நிழலில் வளர்ந்தது. வருகையாளருக்கு அதன் பாடங்களில் இடமில்லாமற் போனது இப்பிறப்பின் விளைவு.

பிராண்டிஸ் என்னும் ஒரே ஊற்றிலிருந்து பயன்பெற்ற அமெரிக்க வனக் கல்வி, பொதுமக்கள் திரளாகக் காட்டுக்கு வந்தமையாலும், பூங்காத் துறையின் போட்டியாலும் பொழுதுபோக்கு மேலாண்மையைத் தன்னுள் ஏற்றது. ஆயினும் தொல்குடியினரின் இழப்பை அது ஈடுசெய்யவில்லை. தமிழகம் அதன் அறிவைக் கொள்ளலாம். அதன் மறதியைக் கொள்ள வேண்டியதில்லை.

தாங்குதிறன் கணக்கீடும் மலையேற்ற விதிகளும் நிருவாகத்தில் இடம்பெற்றுவிட்ட இன்று, அவற்றைச் செயற்படுத்தும் அறிவை வனக் கல்லூரிகள் தனித்தாளாக மட்டுமன்றித் தீ, பாதை, சட்டம், செயல்திட்டம் ஆகிய ஒவ்வொரு பாடத்துக்குள்ளும் கொண்டுசெல்ல வேண்டும். பாதை அமைக்கக் கற்கும் மாணவர் அதில் நடப்பவரையும், தீயணைக்கக் கற்கும் மாணவர் அச்சரிவில் நிற்பவரையும், சட்டம் கற்கும் மாணவர் அந்நிலத்தில் வாழ்பவரையும் மனத்தில் கொண்டு கற்க வேண்டும். காட்டைக் காக்கும் கல்வி நிறைவு பெறுவது அப்போதே.